மறு: த்ரெட்டன்ட், எண்டேஞ்சர்ட் – ரெண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

> பேப்பர்ல எல்லாத்துக்கும் "அழிவின் விளிம்பில் உள்ள உயிரினம்"னுதானே போடறாங்க, நாமளும் அதையே வச்சுக்கலாமே?

சார், பேப்பருக்கு அது போதும். நீங்க மொழிபெயர்க்கறது அமெரிக்க அரசோட பட்ஜெட் பக்கம், அங்க ரெண்டும் வேற வேற சட்ட நிலை. அழியற இனங்களைக் காப்பாத்தற 1973 எண்டேஞ்சர்ட் ஸ்பீஷீஸ் சட்டப்படி எண்டேஞ்சர்ட்னா இப்பவே அழியற ஆபத்துல இருக்கறது, த்ரெட்டன்ட்னா சீக்கிரமே அந்த நிலைக்குப் போயிடும்னு தெரியறது. முதல் வகையைப் பிடிக்கறது, கொல்றது, தொந்தரவு பண்றது எல்லாத்தையும் சட்டமே நேரா தடுக்குது, ரெண்டாவதுக்கு 4(டி)ன்னு ஒரு பிரிவு இருக்கு, அதுல எது கூடும் எது கூடாதுன்னு இனத்துக்கு இனம் தனி விதி போட்டு தளர்த்திக்கலாம். ஒரே சொல்லைப் போட்டா இந்த வித்தியாசம் போயிடும்.

என் யோசனை: எண்டேஞ்சர்டுக்கு "அருகிய இனம்", இது விக்கிபீடியாவுல ஏற்கெனவே புழங்குது. த்ரெட்டன்டுக்கு "அருகிவரும் இனம்". சட்டத்துல இருக்கற விளக்கம் அப்படியே வினையிலயே உக்காந்துடுது பாருங்க. ஒரு சிக்கல் இருக்கு, ஐயுசிஎன்ங்கற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட சிவப்புப் பட்டியல்ல த்ரெட்டன்ட்ங்கறது மூணு வகைக்கும் சேர்த்து வச்ச பொதுப்பேரு, அங்க "அருகிவரும்" பொருந்தாது, "அச்சுறுத்தலுக்கு உள்ளான"ன்னு தனியா வச்சுக்கணும்.

த்ரெட்டன்டுக்கு உதாரணமா அமெரிக்காவுல இருக்கற மொஹாவி பாலைவன ஆமையை எடுத்துக்கோங்க, 1990லயே த்ரெட்டன்ட் பட்டியல்ல வந்துடுச்சு. அது மழைத்தண்ணியைக் குடிச்சு சிறுநீர்ப்பையில சேர்த்து வச்சுக்கும், யாராவது சும்மா கையில தூக்கினா பயத்துல அத்தனையும் வெளிய விட்டுடலாம், வெயில் காலத்துல அதுவே உசுருக்கு உலையாயிடலாம். அதனாலதான் அந்தப் பக்கம் வேலை பாக்கறவங்க வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி அடியில குனிஞ்சு பாக்கணும்னு விதி. ரோட்டோரமா ஆமை உள்ள வராம வேலி, கணக்கெடுப்பு, அதைத் தின்ற காக்கையைக் கட்டுப்படுத்தறது, காசு இதுக்கெல்லாம்தான் போகுது.

அடுத்தது பப்ளிக் லேண்ட்ஸ். "பொது நிலம்"னா நம்மாளு ஊர்ப் பொது இடம்னு நினைப்பான். நியாயமா பாத்தா புறம்போக்குதான் கிட்டத்தட்ட சரி, பீரோ ஆஃப் லேண்ட் மேனேஜ்மென்ட்ங்கற அமெரிக்க அரசோட நில நிர்வாகத் துறை கையில இருக்கற சுமார் 24.5 கோடி ஏக்கர்ல பெரும்பாலானது குடியேற வந்தவங்க யாரும் எடுத்துக்காம மிஞ்சின நிலம்தான். ஆனா அந்தச் சொல்லை நாம வசவாக்கிட்டோம், அரசு ஆவணத்துல போட்டா சிரிப்பாங்க. மலேசியாக்காரங்க எழுதற "கூட்டரசு"ங்கறதை எடுத்து "கூட்டரசு நிலம்"னு வைக்கலாம்.

பணத்துக்கு வர்ற சொல்லுலயும் கவனம் வேணும். அந்த 1973 சட்டத்துக்கான ஆத்தரைசேஷன், அதாவது செலவு பண்ணலாம்ங்கற அனுமதி, 1992லயே முடிஞ்சு போச்சு, இருந்தாலும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வருஷா வருஷம் அப்ரோப்ரியேஷன், அதாவது பணத்தை ஒதுக்கறது, பண்ணிட்டுதான் இருக்கு. ரெண்டையும் "நிதி ஒதுக்கீடு"ன்னு போட்டா, ஒதுக்கீடு முடிஞ்சப்பறம் எப்படிய்யா ஒதுக்கறாங்கன்னு கேப்பான். முன்னதுக்கு "செலவு அதிகாரம்", பின்னதுக்கு "நிதி ஒதுக்கீடு".

---

அண்ணே, கூட்டரசு நிலம் ஓகே, செலவு அதிகாரமும் ஓகே. ஆனா அருகிய, அருகிவரும் ரெண்டும் பக்கத்து பக்கத்துல அட்டவணைத் தலைப்புல வந்தா கண்ணு மாத்திப் படிச்சுடுமே? தமிழ்ச் செய்தியில "அருகிவரும்"ங்கறதை யானையிலேர்ந்து சிட்டுக்குருவி வரைக்கும் இழுத்து விட்டிருக்காங்க வேற.

இன்னொண்ணு, அதே சட்டத்தோட ஆறாவது பிரிவுல மாநிலங்களுக்குக் குடுக்கற கிராண்ட். செலவுல 75 சதவீதம் வரைக்கும் மத்திய அரசு, மாநிலங்க சேர்ந்து செஞ்சா 90 வரைக்கும். இதை மானியம்னு எழுதினா சிலிண்டர் மானியம் ஞாபகம்தான் வருது. பல்கலைக்கழகத்துல சொல்ற "நல்கை" வச்சுக்கலாமா?

---

நல்கை பிரமாதம், அதையே போடுவோம். மாத்திப் படிக்கறதுக்கு ஒரு வழி: அட்டவணையில மட்டும் "அருகிய நிலை", "அருகும் நிலை"ன்னு சுருக்கிக்கலாம், உள்ள முழுசா எழுதிக்கலாம். செய்தித்தாள்ல எப்படிப் புழங்கினாலும் முதல் பக்கத்துலயே வரையறை குடுத்துட்டா பிரச்சினை இல்ல. சனிக்கிழமைக்குள்ள யாருக்காவது மறுப்பு இருந்தா சொல்லுங்க, இல்லேன்னா நம்ம சொற்பட்டியல்ல ஏத்திடறேன்.