சார்லாவில் கார் இல்லாமல் 4 நாள்: அம்மாவை எப்படிக் குகைக்கு அழைத்துப்போவது?

வணக்கம். பிரான்ஸின் தோர்தோன் பகுதியில், சார்லா ஊரில் அம்மாவோடு தங்கியிருக்கிறேன். முன்பதிவு செய்திருந்த வாடகைக் கார் கடைசி நேரத்தில் கிடைக்காமல் போய்விட்டது. செவ்வாய் மாலை வந்தோம், ஞாயிறு காலை ரயில்.

அம்மாவுக்கு வயது 68, முழங்கால் வலி. சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார், படிகள் ஏற முடியாது. அதனால் கஸ்தெல்நோ கோட்டையையும் படகுத் துடுப்பு போடுவதையும் விட்டுவிட்டோம். புதன்கிழமைச் சந்தை பார்த்தாயிற்று. வால்நட் எண்ணெய், ஆட்டுப்பால் சீஸ், தேன் நிறக் கல் வீடுகள் என்று அம்மா அவ்வளவு சந்தோஷப்பட்டார். சனிக்கிழமையும் சந்தை உண்டு, போவோம்.

ஆனால் அவர் ஆசைப்பட்டு வந்தது ஆதிமனிதர்கள் வரைந்த குகை ஓவியங்களுக்காக. லாஸ்கோ மூலக்குகை 1963லேயே மூடப்பட்டது, மோந்தின்யாக்கில் இருப்பது அதன் நகல் என்று சொல்லிவிட்டேன். அசலைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார். ரூஃபின்யாக் குகைக்குள் மின்சார ரயிலிலேயே கூட்டிப்போய் அசல் மாமத் (அழிந்துபோன உரோம யானை) ஓவியங்களைக் காட்டுகிறார்கள். அவர் காலுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இதுவரை செய்தது: மூன்று டாக்சிக்காரர்களுக்குப் போன் செய்தேன், இருவருக்கு நேரமில்லை, ஒருவர் எடுக்கவே இல்லை. வேறு வாடகைக் கார் கேட்டேன், கியர் வண்டிதான் இருக்கிறதாம், எனக்கு அது ஓட்டத் தெரியாது. ரயிலில் லெஸெய்ஸி வரை போகலாம் என்று பார்த்தேன். அப்புறம் அங்கிருந்து குகைக்குப் பேருந்து எதுவும் கண்ணில் படவில்லை.

வெள்ளி அல்லது சனி மதியம், சார்லாவிலிருந்து ரூஃபின்யாக் போய்த் திரும்ப கார் இல்லாமல் வழி உண்டா?