மழையில டர்ட் பைக் ரேஸ் நடத்தலாமா?

புழுதிப்பையன்: உடுமலை பக்கம் தென்னந்தோப்ப ஒட்டின காலி நிலத்துல வர்ற ஞாயித்துக்கிழமை கிளப் ரேஸ் வச்சிருக்கோம், ஐப்பசி மழை விடாம ஊத்துது, என்ட்ரி பீஸ் எல்லாம் வாங்கியாச்சு, என்னங்ணா பண்றது?

செம்மண்: மண்ணு என்னன்னு மொதல்ல சொல்லு தம்பி. செம்மண்ணுன்னா மழை விட்டு ஒரு வெயில் அடிச்சா ஓட்டிரலாம். கரிசல்னா மறந்துரு, மட்கார்டுக்குள்ள அப்பி வீலே சுத்தாது, ரேடியேட்டர் அடைச்சு இன்ஜின் கொதிக்கும். எப்படியும் ஜம்ப் உயரத்த இறக்கிரு, லேப்பையும் கொறைச்சுரு.

மார்ஷல்மாமா: லேப்ப விடுங்க, ஆம்புலன்ஸ் சேத்துல சிக்காம டிராக் வரைக்கும் வருமா? வராதுன்னா ரேஸே கெடையாது. நம்ம நாட்டு மோட்டார் ரேஸ் கூட்டமைப்பு எஃப்எம்எஸ்சிஐ, அவங்க பர்மிட் இருக்கா, அதையும் பாருங்க. இடி கேட்டா உடனே செவப்புக் கொடி, கடைசி இடிக்கப்புறம் 30 நிமிஷம் டிராக் காலியா இருக்கணும். மழைக்கு ஒதுங்கறேன்னு தென்னை மரத்தடிக்குப் போகாதீங்கன்னு மைக்லயே சொல்லிருங்க, நம்ம சனம் மொதல்ல அங்கதான் ஓடும்.

புழுதிப்பையன்: பாதி கரிசல்தாங்ணா. வர்ற வழியும் வெறும் வண்டித்தடம்.

செம்மண்: அப்பறம் என்ன கேள்வி, தை மாசத்துக்குத் தள்ளு. பீஸ் கேக்கறவங்களுக்குத் திருப்பிக் குடுத்துரு.