நீலம்-கருப்பு டெக்கில் மீதமுள்ள 2 இடங்கள்: ரிமூவலா, டிராவா?

கேள்வி – கடைசிமானா

அனைவருக்கும் வணக்கம். மேஜிக்: த கேதரிங் என்ற சீட்டு விளையாட்டின் பாப்பர் வகையில், அதாவது காமன் கார்டுகளை மட்டும் கொண்டு ஆடும் வகையில், நீலமும் கருப்பும் கலந்த ஒரு கன்ட்ரோல் டெக்கை (எதிராளியின் ஆட்டத்தைத் தடுத்து நிதானமாக வெல்லப் பார்க்கும் கார்டுக் கட்டை) சில மாதங்களாக ஆடி வருகிறேன். அறுபதில் 58 கார்டுகள் உறுதியாகிவிட்டன. எதிராளியின் கிரீச்சரை (போரிடும் உயிரினக் கார்டை) அழிக்கும் ரிமூவல் கார்டுகள் 6 உள்ளன: காஸ்ட் டவுன் 3, ஸ்னஃப் அவுட் 3. கையை நிரப்பும் டிரா கார்டுகள் 8: பிஹோல்ட் த மல்டிவர்ஸ் 3, டீப் அனாலிசிஸ் 2, சைன் இன் பிளட் 3. இவை தவிர பிரெயின்ஸ்டார்ம் 4, எதிராளி ஆடும் கார்டை ரத்துசெய்யும் கவுன்டர்ஸ்பெல் 4 இருக்கின்றன.

மீதமுள்ள 2 இடங்களில் எதை வைப்பது என்பதில்தான் குழப்பம். ஒரு ரிமூவல் ஒரு கிரீச்சரை அழிப்பதோடு தீர்ந்துவிடுகிறது. ஒரு டிரா கார்டோ இரண்டு கார்டுகளைத் தருகிறது, அந்த இரண்டில் ரிமூவலும் வரக்கூடும். அப்படியானால் டிராவையே கூட்டுவதுதான் எப்போதும் லாபம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் வேகமான டெக்குகளிடம் தொடர்ந்து தோற்கிறேன். என் கணக்கில் பிழை எங்கே இருக்கிறது?

பதில் – இரண்டாந்தீவு

உங்கள் கணக்கில் "வரக்கூடும்" என்ற சொல்தான் பிழை. அறுபதில் 6 ரிமூவல் இருக்கும்போது, டெக்கின் மேலிருந்து வரும் இரண்டு கார்டுகளில் ஒன்றேனும் ரிமூவலாக இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 19% மட்டுமே. ஐந்து முறை எடுத்தால் ஒரு முறைகூட உறுதியில்லை. அந்த ஒரு முறைக்காக நீங்கள் டீப் அனாலிசிஸுக்கு 4 மானா (கார்டை ஆடச் செலவிடும் சக்தி, வழக்கமாக டர்னுக்கு ஒன்று கூடும்) கொடுக்கிறீர்கள் என்றால், நான்காவது டர்ன் முழுவதும் அதிலேயே போய், கையில் வந்த காஸ்ட் டவுனை ஐந்தாவது டர்னில்தான் பயன்படுத்த முடியும். வேகமாகத் தாக்கும் சிவப்பு டெக் அதுவரை காத்திருக்காது.

முதலில் ஆடுபவர் மூன்றாவது டர்னுக்குள் 9 கார்டுகளைப் பார்த்திருப்பார். அந்த ஒன்பதில் ஒரு ரிமூவலாவது இருப்பதற்கான வாய்ப்பு, டெக்கில் 6 இருந்தால் 64%, 8 இருந்தால் 75%, 10 இருந்தால் 83%. ஆறிலிருந்து எட்டுக்கு ஏறும்போது கிடைப்பது 11 புள்ளிகள். அதற்கு மேல் ஒவ்வொரு கார்டுக்கும் பலன் குறைந்துகொண்டே போகும்.

ஆயினும் இதை வைத்து உடனே முடிவெடுக்க வேண்டாம். தோற்ற ஆட்டங்களில், தோற்கும் அந்தக் கணத்தில் உங்கள் கையில் எத்தனை கார்டுகள் இருந்தன, அவை எவை என்று அடுத்த சில ஆட்டங்களுக்குக் குறித்து வைத்து இங்கே எழுதுங்கள். கை காலியாகித் தோற்பவருக்கும் கை நிறைய வைத்துக்கொண்டு தோற்பவருக்கும் மருந்து ஒன்றல்ல.

பதில் – பழையசீட்டு

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எதிரிலும் கன்ட்ரோல் டெக் இருந்தால் காஸ்ட் டவுன் பல நேரங்களில் கையிலேயே மக்கும். அங்கே ஆட்டத்தைத் தீர்மானிப்பது யார் அதிகக் கார்டுகளைப் பார்க்கிறார் என்பதே. ஆகவே, உங்கள் குழுவில் பெரும்பாலோர் எந்த டெக் ஆடுகிறார்கள் என்பது தெரியாமல் பொதுவான விடை கூற இயலாது.

இன்னொன்று, எல்லா டிரா கார்டுகளும் ஒரே எடை அல்ல. பிஹோல்டை இரண்டாவது டர்னில் 2 மானாவுக்கு ஃபோர்டெல் செய்து (கவிழ்த்து ஒதுக்கி) வைத்துவிட்டால், பின்னர் 2 மானாவுக்கே ஆடலாம். அது இன்ஸ்டன்ட் (எதிராளியின் டர்னிலும் ஆடக்கூடியது) என்பதால் நான்காவது டர்னில் கவுன்டர்ஸ்பெல்லுக்கும் இடம் மிஞ்சும். சொந்த டர்னில் மட்டும் ஆடக்கூடிய சார்சரியான டீப் அனாலிசிஸ் அப்படியில்லை. பிரெயின்ஸ்டார்மையோ நான் டிரா கார்டாகவே எண்ணுவதில்லை, ஏனெனில் மூன்றை எடுத்து இரண்டைத் திரும்ப வைப்பதால் கை பெருகுவதில்லை. ஆனால் பயனற்ற இரண்டு ரிமூவல்களை மேலே வைத்துவிட்டு, எவால்விங் வைல்ட்ஸ் என்ற நிலக் கார்டைப் பயன்படுத்தி டெக்கைக் கலைத்துவிட்டால், அந்தத் தலைவலி தீர்ந்துவிடும்.

மீண்டும் – கடைசிமானா

இருவருக்கும் நன்றி. கடந்த இரு வாரங்களில் 14 ஆட்டங்களைக் குறித்து வைத்தேன், ஒன்பதில் தோற்றேன். அவற்றுள் ஏழில் என் கையில் 3 அல்லது அதற்கு மேற்பட்ட கார்டுகள் இருந்தன. எழுதிப் பார்க்கும்வரை, கார்டு தீர்ந்துதான் தோற்கிறேன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன் என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

கையில் நின்றவற்றில் பெரும்பாலானவை டீப் அனாலிசிஸும், ஆடுவதற்கு அஞ்சிய சைன் இன் பிளட்டும். எதிரில் குர்மாக் ஆங்லர் நின்ற இரண்டு ஆட்டங்களில் ஸ்னஃப் அவுட் கையில் இருந்தும், ஆங்லர் கருப்புக் கிரீச்சர் என்பதால் பயன்படவில்லை. டோலேரியன் டெரர் என்ற கிரீச்சருக்கு எதிராகவோ, வார்டு (குறிவைப்பவரிடம் கூடுதல் மானா கேட்கும் திறன்) காரணமாகக் காஸ்ட் டவுனுக்கு 2 மானா கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் குழுவில் சிவப்பு டெக் இருவர், எல்ஃப் (சிறு கிரீச்சர்களைக் குவிக்கும் டெக்) ஒருவர், டெரர் டெக் இருவர், கன்ட்ரோல் ஒருவர்.

பதில் – இரண்டாந்தீவு

இப்போது நோய் தெளிவாகிவிட்டது. உங்களுக்குக் கார்டு பற்றாக்குறை இல்லை. இருக்கும் கார்டுகளை உரிய நேரத்தில் ஆட முடியாததே சிக்கல். எனவே 2 இடங்களும் ரிமூவலுக்கே, ஆனால் காஸ்ட் டவுனின் நான்காவது பிரதியைச் சேர்த்தால் மட்டும் போதாது.

எதிராளியை ஒரு கிரீச்சரைப் பலியிட வைக்கும் செயினர்ஸ் எடிக்ட் 2 சேருங்கள். அது குறிவைப்பது ஆட்டக்காரரை, கிரீச்சரை அல்ல. ஆகவே டெரரின் வார்டு அதைத் தடுக்காது, ஆங்லரின் நிறமும் பொருட்டில்லை. 7 மானா சேர்ந்த பிறகு கல்லறையிலிருந்து (பயன்படுத்திய கார்டுகளின் குவியலிலிருந்து) ஃபிளாஷ்பேக்கில் மீண்டும் ஆடலாம் என்பதால், ஒரே கார்டு இரண்டு கிரீச்சர்களைத் தீர்க்கும். நீங்கள் டிராவிடம் எதிர்பார்த்த லாபம் இங்கே ரிமூவலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் எல்ஃப் டெக்கிடம் இது பலிக்காது, பத்துப் பேர் நிற்கும்போது எதிராளி மிகச் சிறியதைத்தான் பலியிடுவார். அதற்காக ஸ்னஃப் அவுட்டில் ஒன்றை எடுத்துவிட்டு டிஸ்ஃபிகர் ஒன்றை வையுங்கள். ஒரே மானாவில், லானோவர் எல்வ்ஸையோ பிரீஸ்ட் ஆஃப் டைட்டானியாவையோ வந்த உடனேயே அகற்றிவிடலாம்.

சிவப்புக்கு எதிராக உங்கள் உயிர்ப்புள்ளிக் கணக்கையும் கவனியுங்கள். ஸ்னஃப் அவுட்டுக்கு 4, சைன் இன் பிளட்டுக்கு 2, டீப் அனாலிசிஸின் ஃபிளாஷ்பேக்குக்கு 3, ஆக மொத்தம் 9. இது எதிராளிக்கு தலா 3 புள்ளி பறிக்கும் மூன்று லைட்னிங் போல்ட்டுகளை இலவசமாகக் கொடுப்பதற்குச் சமம். சைன் இன் பிளட்டை ஆட நீங்கள் அஞ்சியது நியாயமே. ஆட அஞ்சும் கார்டை முதன்மை டெக்கில் வைத்திருப்பதுதான் நியாயமில்லை.

பதில் – பழையசீட்டு

கன்ட்ரோல் ஆடுபவர் ஒருவர்தான் என்றால் நானும் ரிமூவல் பக்கமே சாய்கிறேன். டீப் அனாலிசிஸ் இரண்டையும் சைடுபோர்டுக்கு (ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் உபரிக் கார்டுகளுக்கு) மாற்றிவிட்டு, அவ்விடத்தில் மல்டிரிஃப்டர் 2 வைத்துப் பாருங்கள். நெருக்கடியில் 3 மானாவுக்கு இவோக் செய்து (கிரீச்சரை உடனே பலியிட்டு) இரண்டு கார்டுகளை எடுக்கலாம். 5 மானா இருந்தால் அதே இரண்டு கார்டுகளோடு பறக்கும் 2/2 கிரீச்சர் ஒன்றும் மேசையில் நிற்கும்.

மீண்டும் – கடைசிமானா

எடிக்ட் 2, டிஸ்ஃபிகர் 1, மல்டிரிஃப்டர் 2 என்று மாற்றி எட்டு ஆட்டங்கள் ஆடினேன், ஐந்தில் வென்றேன். எட்டு ஆட்டங்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது தெரியும், ஆனால் தோற்ற மூன்றில் இரண்டில் என் கை காலியாக இருந்தது. சைன் இன் பிளட்டை இன்னும் எடுக்கவில்லை. சிவப்பு டெக்கை எதிர்கொள்ளும்போது மட்டும் இரண்டாம் ஆட்டத்தில் மூன்றையும் வெளியே எடுக்கிறேன். அவ்விடத்தில் சைடுபோர்டிலிருந்து எதைக் கொண்டுவருவது என்பதைத் தனிக் கேள்வியாகக் கேட்கிறேன்.