லேயர் எஃபெக்ட்: ‘அடுக்கணி’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

படத்திருத்த மென்பொருளில் படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக லேயர்களாக வைத்துச் செய்கிறோம். ஒரு லேயருக்கு நிழல், ஒளிர்வு போன்றவற்றைச் சேர்க்கும் வசதி ‘லேயர் எஃபெக்ட்’. அதற்குத் தமிழ்ச் சொல்லாகக் கோவை நண்பர் முன்வைத்த ‘அடுக்கு விளைவு’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. லேயருக்கு ‘அடுக்கு’ நிலைத்துவிட்டது. அதில் எனக்கு மறுப்பில்லை. ‘விளைவு’தான் இடறுகிறது. ஒன்று நடந்து முடிந்தபின் மிஞ்சுவது விளைவு. ஆனால் 1998இல் ஃபோட்டோஷாப் 5.0 கொண்டுவந்த இந்த வசதியின் பயனே, அடுக்கின் படப்புள்ளிகளை (பிக்சல்களை) மாற்றாமல் நிழலையும் ஒளிர்வையும் பூட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம் என்பதுதான். 2025இல் வந்த கிம்ப் 3.0 என்ற இன்னொரு படத்திருத்த மென்பொருளில், படத்தின் தோற்றத்தை மாற்றும் ஃபில்டர்களும் இப்படிக் கழற்றக்கூடியவையாகிவிட்டன.

பெங்களூரு அல்சூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணைய வடிவமைப்புச் சொல்லிக்கொடுக்கிறேன். சிவாஜிநகர்ப் பாத்திரக் கடை ஒன்றின் வலைப்பக்க முகப்புக்கு ஒரு மாணவி ‘ஆடித் தள்ளுபடி’ என்று எழுதி, அந்த அடுக்கையே நகலெடுத்துக் கறுப்பாக்கி, மங்கலாக்கி, சற்றுக் கீழே இறக்கி நிழல் செய்திருந்தார். கடைக்காரர் ‘தீபாவளித் தள்ளுபடி’ என்று மாற்றச் சொன்னார். மேலே தீபாவளி வந்துவிட்டது. நிழல் இன்னும் ஆடியிலேயே நின்றது. நிழலை டிராப் ஷேடோ என்னும் லேயர் எஃபெக்டாகப் போட்டிருந்தால் எழுத்து மாறும்போதே நிழலும் மாறியிருக்கும்.

ஆகவே என் பரிந்துரை ‘அடுக்கணி’, சுருக்கமாக ‘அணி’. பூணுவதும் களைவதும் அச்சொல்லிலேயே இருக்கின்றன. அணியைச் சேர், அணியை மறை, அணியை நகலெடு, அணியைக் களை என்று மெனு கட்டளைகள் தடையின்றி வருகின்றன. இளைஞர் அணி, கிரிக்கெட் அணி என்று குழப்பம் வரும் என டெல்லி நண்பர் அஞ்சுகிறார். படத்திருத்த மென்பொருளுக்குள் அந்தப் பொருளில் எவரும் படிக்கமாட்டார்கள். ‘அடுக்கு’ முன்னே நிற்பதும் காவல்.

சொல்லுக்குக் கடினமான சோதனை ஒன்று உண்டு. அடுக்கு முழுவதன் ஒளிபுகாமையான ஒப்பாசிட்டியைக் குறைத்தால் எழுத்தும் நிழலும் சேர்ந்தே மங்கும். அடுக்கின் உள்ளடக்கத்தை மட்டும் மங்கச்செய்யும் ஃபில் அளவைச் சுழியமாக்கினால் எழுத்து மறையும். நிழல் மட்டும் அப்படியே நிற்கும். எழுத்து வேறு, அணி வேறு என்பது அப்போது திரையிலேயே தெரிகிறது. ‘விளைவு’ என்று கற்பித்தால், எழுத்தே இல்லாதபோது அதன் விளைவு எங்கிருந்து வந்தது என்று மாணவர் கேட்பார்.

கிளைச்சொற்களில் டிராப் ஷேடோ விழுநிழல், இன்னர் ஷேடோ உள்நிழல், அவுட்டர் குளோ புறவொளிர்வு. எல்லா நிழல்களுக்கும் ஒரே ஒளித்திசையைத் தரும் குளோபல் லைட்டுக்குப் ‘பொது ஒளி’. அதை நீக்கிவிட்டால் ஒரு பொத்தானின் நிழல் வலப்பக்கமும் அடுத்ததன் நிழல் இடப்பக்கமும் விழ நேரும். வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் பாக்ஸ்-ஷேடோ பெட்டியின் வடிவத்துக்கு விழுவது. ஃபில்டர் வழியே வரும் டிராப்-ஷேடோ படத்திலுள்ள உருவத்துக்கு விழுவது. முன்னதைப் ‘பெட்டிநிழல்’ என்று பிரித்துவிடலாம்.

உருவத்தின் விளிம்பில் கோடு போடும் ஸ்ட்ரோக்குக்குக் ‘கரை’ என்கிறேன். வேட்டிக் கரைபோல் விளிம்பை ஒட்டி ஓடுவது. ஆனால் அதை விளிம்புக்கு உள்ளே, வெளியே, நடுவே என மூன்று விதமாக வைக்கலாம். உட்கரையும் புறக்கரையும் சரி, ‘நடுக்கரை’ ஒட்டவில்லை. அதற்கும், அணியை அடுக்கோடு கரைத்து ஒன்றாக்கிவிடும் ராஸ்டரைஸுக்கும் உங்களிடம் நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.