ஜெபம் மட்டும் செய்து பிள்ளை இறந்தால் அது குற்றமில்லையா?

தமிழினி:
பிள்ளைக்கு ஜெபத்தால் மட்டுமே சிகிச்சை அளிக்கும் பெற்றோரைக் கடமை தவறியவர்களாகக் கருதக் கூடாது என்கிறது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலச் சட்டம். பிள்ளை இறந்தாலும் இந்த விலக்கு அவர்களைக் காக்கிறது. இதை நீக்கியே தீரவேண்டும். 1975 முதல் 1995 வரை அமெரிக்காவில் மத நம்பிக்கையால் மருத்துவம் மறுக்கப்பட்டு இறந்த 172 குழந்தைகளைப் பற்றி 1998இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் 140 பேருக்கு வந்தவை, மருத்துவம் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைக்கிற நோய்கள். நிமோனியாவும் நீரிழிவும் இந்தக் காலத்தில் ஒரு குழந்தையைக் கொல்லலாமா?

நெல்லை ஜான்:
சகோதரி, அந்தப் பிள்ளைகளுக்காக என் நெஞ்சும் பதறுகிறது. ஆனால் விடிய விடிய முழங்காலில் நின்று மன்றாடிய தாயைக் கொலைகாரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரைச் சிறையில் அடைத்தால் பிள்ளை திரும்பி வருமா? ‘பிள்ளையின் நலன்’ என்று சொல்லி அரசு செய்ததைக் கனடாவின் பழங்குடிகளிடம் கேளுங்கள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பிடுங்கி உறைவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள். 2014இல் ஒண்டாரியோவில், இரத்தப் புற்றுநோய் வந்த பழங்குடிச் சிறுமிக்கு கீமோதெரபியை நிறுத்தி மரபு மருத்துவம் பார்த்த குடும்பத்தில் தலையிட நீதிபதி மறுத்தார். அது அந்த மக்களின் உரிமை என்றார்.

தமிழினி:
மீதிக் கதையையும் சொல்லுங்கள், ஜான் ஐயா. நோய் திரும்பியதும் அந்தக் குடும்பம் கீமோதெரபிக்கே வந்தது. பிள்ளையின் நலனே முதன்மை என்று 2015இல் அந்த நீதிபதியே தீர்ப்பில் சேர்த்தார். அதே வட்டாரத்தில் கீமோதெரபியை நிறுத்திய இன்னொரு சிறுமி அந்த ஆண்டு ஜனவரியில் இறந்துபோனாள்.

வார்டு செவிலி:
குறுக்கிடுகிறேன். நீங்கள் சொல்லும் ஒண்டாரியோ வழக்கில் பிள்ளை மருத்துவமனைக்கு வந்துவிட்டாள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தங்கள் பிள்ளைக்கு இரத்தம் ஏற்ற மறுக்கும்போதும் அப்படித்தான். மருத்துவர் நீதிமன்றத்தை நாடுகிறார், உத்தரவு வருகிறது, பிள்ளை பிழைக்கிறது. பெற்றோரும் தங்கள் சம்மதத்தோடு நடக்கவில்லை என்ற ஆறுதலோடு பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போகலாம். ஜெபம் மட்டுமே செய்யும் வீட்டுப் பிள்ளையை எந்த மருத்துவரும் பார்ப்பதில்லையே, யார் நீதிமன்றம் போவது? 2008இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 11 வயதுச் சிறுமி நீரிழிவு முற்றி நினைவிழந்து கிடந்தாள். இன்சுலின் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாள். வெளிமாநிலத்திலிருந்த உறவினர் ஒருவர் பதறிப்போய்க் காவல்துறைக்குத் தொலைபேசியில் சொன்னார். உதவி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நெல்லை ஜான்:
இதை ஏற்கிறேன். உயிருக்கு ஆபத்து என்றால் நீதிமன்றம் உத்தரவிடட்டும். அதற்கு நான் தடை சொல்லவில்லை. சிறைதான் வேண்டாம் என்கிறேன். நீங்கள் சொன்ன அதே விஸ்கான்சின் பெற்றோருக்கு ஆறு ஆண்டுகள், ஆண்டுக்கு 30 நாள் சிறை. வீட்டில் மற்ற பிள்ளைகள் இருந்தார்களே! மனசாட்சிப்படி வழிபடும் சுதந்திரம் ஒரு நாட்டில் போனால் முதலில் நசுங்குவது சிறுபான்மையினர்தான்.

தமிழினி:
வழிபாட்டை யார் தடுத்தார்கள்? ஜெபித்துக்கொண்டே ஆம்புலன்ஸை அழைக்கலாம். இந்த விலக்கு ஏதோ பழம்பெரும் உரிமை என்றும் நினைக்காதீர்கள். மாநிலங்கள் குழந்தைப் பாதுகாப்பு நிதி பெறவேண்டுமானால் இப்படி விலக்கு வைக்கவேண்டும் என்று 1974இல் அமெரிக்க மத்திய அரசு விதி போட்டது. 1983இல் அந்த விதியை நீக்கியும் பல மாநிலங்கள் விலக்கை விடவில்லை. பெற்றோர் தங்களைத் தியாகிகளாக்கிக்கொள்ளலாம், பிள்ளைகளைத் தியாகிகளாக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944இலேயே சொல்லிவிட்டது. ஐடஹோவின் பக்கத்து மாநிலமான ஓரிகன் 2011இல் விலக்கை முழுவதும் எடுத்துவிட்டது. அங்கே தேவாலயங்கள் மூடப்பட்டுவிடவில்லையே.

நெல்லை ஜான்:
அப்படியானால் இப்படிச் செய்யலாம். பிள்ளைக்குக் கடும் நோய் என்றால் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்று பெற்றோருக்குக் கடமை விதியுங்கள். தண்டனை விலக்கு மட்டும் இருக்கட்டும்.

தமிழினி:
தெரிவிக்காமலே விட்டு, பிள்ளையும் இறந்துவிட்டால்? அப்போதும் விலக்கா? இதற்கு நேராக ஆம், இல்லை என்று பதில் சொல்லுங்கள் ஐயா.

நெல்லை ஜான்:
கடமையைத் தெரிந்தே மீறினால் விலக்கு கிடையாது. அதுவரை வருகிறேன். அதற்கு மேல் வரமாட்டேன்.