முயலின்ர வயிறு நிண்டுபோனால்: கண்ட ஆக்கள் எழுதுங்கோ

வட்டக்கச்சியான்

பக்கத்து வளவில ஒரு வெள்ளைக் கிடா முயல், ரெண்டு கிலோ வரும். காலமை போட்ட கினியாப்புல் பின்னேரமும் அப்பிடியே கிடந்தது. வெக்கைக்கு மந்தமாக் கிடக்குது எண்டு வீட்டுக்காரர் விட்டிட்டினம். கூட்டுக்குக் கீழ இருந்த தகரத் தட்டை இழுத்துப் பாத்தால், முதல் நாள் இரவுப் புழுக்கை கொஞ்சம்தான். மிளகளவு, கறுத்து, நாலைஞ்சு சேந்து மயிரில கோர்த்திருந்தது. அதுக்குப் பிறகு ஒண்டுமே விழேல்ல. அந்தத் தட்டு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது, ஏனெண்டால் முயல் சாப்பாட்டைக் கைவிட முதலே அது காட்டிப்போட்டுது.

நல்லா இருக்கிற பெரிய முயல் ஒரு நாளைக்கு 200, 300 புழுக்கை போடும். எல்லாம் ஒரே அளவில, உருண்டையா, விரலால நசிச்சால் புல்லுத் தும்பு தெரிய உதிரும். வயிறு, அதாவது குடல் அசைவு, மெதுவாகத் துவங்கினால் முதல்ல அளவு சின்னனாகும், பேந்து எண்ணிக்கை குறையும், கடைசியா நிண்டுபோகும். 12 மணித்தியாலம் சாப்பாடும் இல்லை, புழுக்கையும் இல்லை எண்டால் அது அவசரம். விடியட்டும் எண்டு இருக்கேலாது. மூலையில கூனிக்கொண்டு இருக்கும், வயித்தை நிலத்தில அமத்தும், பல்லை உரக்க நெருமும் (தடவேக்க மெல்லமாப் பல் அரைக்கிறது வேற, அது சந்தோசத்துக்கு), காது குளிரும். முருங்கையிலையோ பொன்னாங்காணியோ மூக்கடியில பிடிச்சுப் பாருங்கோ. முகத்தைத் திருப்பினால் மேல யோசிக்கத் தேவையில்லை.

உங்கடை பக்கம் கண்டதையும் எழுதுங்கோ.

மாங்குளம் தம்பி

அண்ணை சொன்னது மெல்ல மெல்ல நிக்கிற வயிறு. இன்னொண்டு இருக்கு, அதை இதோட குழப்பினால் முயல் சாகும். இஞ்ச ஒரு வீட்டில காலமை துள்ளித் திரிஞ்ச முயல், மத்தியானம் ஒரு பக்கமாச் சரிஞ்சு கிடந்தது. இடப்பக்க விலா எலும்புக்குக் கீழ வயிறு இறுகி வீங்கி, விரல் அமத்த இடமே குடுக்கேல்ல. ஆரோ சொல்லி, சிரிஞ்சால கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தினம். அந்த வாயில இருந்து வழிஞ்ச கஞ்சி இன்னும் மறக்கேல்ல.

அது அடைப்பு. முயலுக்குச் சத்தி எடுக்கேலாது. குடல் அடைச்சால், காத்தும் நீரும் இரைப்பையில தேங்கி அது ஊதிக்கொண்டே போகும். அதுக்கு மேல நாங்கள் பருக்கிறது ஒவ்வொரு மில்லியும் அந்த அமத்தத்தைக் கூட்டும். பெரும்பாலும் நக்கி விழுங்கின மயிர் இறுகிக் கட்டியாகித்தான் அடைக்கும். காய்ஞ்ச முழுப் பயறு, சாக்குத் தும்பு, பாய்த் துண்டும் அடைக்கும்.

வித்தியாசம் இப்பிடி. வயிறு மெதுவாகிறது ஒரு நாள், ரெண்டு நாளாக் கூடும், தொட்டால் பிசைஞ்ச மா மாதிரி அமுங்கும். அடைப்பு மணித்தியாலக் கணக்கில வரும், வயிறு இறுகும், முயல் நிலைகுலையும், உடம்புச் சூடு இறங்கும். இறுகின வயித்துக்கு ஒண்டும் பருக்காதேங்கோ, தடவாதேங்கோ, குடலைத் தள்ளுற மருந்தும் குடுக்காதேங்கோ. துவாயில சுத்தி, நேரா மிருக வைத்தியரிட்டை. எக்ஸ்ரே எடுக்கலாம், இரத்தச் சீனியும் பாக்கலாம். வயிறு மெதுவாகின முயலில சீனி கொஞ்சம்தான் கூடும், அடைப்பில கனக்கக் கூடும். லீற்றருக்கு 20 மில்லிமோலைத் தாண்டினால் அடைப்பெண்டுதான் நினைக்கோணும்.

விசுவமடு அக்கா

மயிர் எண்டதாலதான் எழுதிறன். அன்னாசிச் சாறு பருக்கினால் வயித்து மயிர் கரையும் எண்டு இஞ்ச எல்லாரும் செய்யினம். எங்கடை ஒழுங்கையில ஒரு முயலுக்குக் குடுத்தவை, அண்டிரவே புழுக்கை போட்டுது. தட்டில டொக் டொக்கெண்டு விழுந்த சத்தத்தை வீட்டுக்காரி வந்து சொல்லி அழுதவ.

கிளிநொச்சி, பரந்தன் வீதி

அக்கா, அந்த முயல் தப்பினது சந்தோசம். ஆனால் தப்ப வைச்சது சாறுக்குள்ள இருந்த தண்ணி. அன்னாசியில இருக்கிற நொதியம் இறைச்சிப் புரதத்தை உடைக்கும், மயிரை உடைக்காது. நல்ல முயலின்ர இரைப்பையிலயும் எப்பவும் கொஞ்சம் மயிர் இருக்கும், தும்பும் தண்ணியும் சரியா இருந்தால் அது சாப்பாட்டோட போயிடும். குடல் மெதுவாகி, உள்ள இருக்கிறது வறண்டாப் பிறகுதான் மயிர் கட்டியா இறுகும். சாறில இருக்கிற சீனி, குருட்டுக்குடலில (புல்லுத் தும்பு புளிச்சுச் செமிக்கிற பெரிய குடற்பை) கெட்ட கிருமியை வளத்து வாயுவைக் கூட்டும். இளநி, சீனித்தண்ணிக்கும் இதே கதைதான். ஆமணக்கெண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம், சுவாசப்பைக்குள்ள போனால் முடிஞ்சுது.

இனிப் பருக்கிற முறை. மாங்குளத்துத் தம்பி சொன்ன இறுகின வயிறு இல்லையெண்டு நிச்சயப்படுத்திக்கொண்டு மட்டும் செய்யுங்கோ.

முதல்ல சூடு பாக்கோணும். டிஜிற்றல் தேர்மோமீற்றரின்ர நுனிக்கு வஸ்லின் பூசி, ஆசனவாயில ஒரு சென்ரிமீற்றர், கூடினால் ரெண்டு. 38.5 இலிருந்து 40 வரை சரி. 38 க்குக் கீழ எண்டால் வயிறு வேலை செய்யாது, முதல்ல சூடாக்கோணும்: போத்தலில இளஞ்சுடுதண்ணி விட்டு, துவாயில சுத்தி, முயலுக்குப் பக்கத்தில வையுங்கோ. சூடு கூடினால் விலகிப்போக இடம் விடுங்கோ. 40.5 க்கு மேல எண்டால் அது பெரும்பாலும் வெக்கை அடிச்சது, அதுக்குக் காதை நனைச்சு நிழலில காத்துப் படவிடோணும். சித்திரை தொடக்கம் ஆவணி மட்டும் தகரக் கூரைக் கூடுகளில இதைத்தான் அடிக்கடி காணலாம்.

பேந்து தண்ணி. ஒரு கிலோ முயலுக்கு ஒரு நாளைக்கு 100 மில்லி அளவில போகோணும். உள்ள வறண்டு கிடக்கேக்க வெறும் மாவைத் தள்ளினால் அது இன்னும் இறுகும். பெரிசா வறண்ட முயலுக்குத் தோலுக்குக் கீழ சேலைன் ஏத்தோணும், அது வைத்தியரின்ர வேலை.

சாப்பாட்டுக்கு, முயல் பெலட் (கடையில விக்கிற குச்சித் தீன்) ஒரு பங்கு, இளஞ்சுடுதண்ணி மூண்டு பங்கு. ஊறவைச்சு, மசிச்சு, தேத்தண்ணி வடியில வடிச்செடுங்கோ. வடிக்காட்டில் சிரிஞ்ச் வாய் அடைக்கும், அமத்தேக்க திடீரெண்டு பீச்சித் தொண்டைக்குள்ள அடிக்கும். ஒரு தரத்துக்கு கிலோவுக்கு 10 மில்லி, ஒரு நாளைக்கு நாலைஞ்சு தரம். ஒண்டரைக் கிலோ முயலுக்கு 15 மில்லி எண்டு வையுங்கோ. துவாயில இறுக்கிச் சுத்தி, நாலு காலும் நிலத்தில ஊண்டி இருக்கவிடுங்கோ. மல்லாத்தாதேங்கோ, தலையை அண்ணாத்தாதேங்கோ. முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையில ஒரு இடைவெளி இருக்கு. சிரிஞ்ச் நுனியைப் பக்கவாட்டில அதுக்குள்ள விட்டு, ஒரு மில்லிக்கும் குறைவாத் தள்ளி, அது மெண்டு விழுங்கும் வரைக்கும் பொறுங்கோ. விழுங்காட்டில் நிப்பாட்டுங்கோ.

வாயுவுக்குக் குழந்தைப்பிள்ளையளுக்குக் குடுக்கிற சிமெத்திக்கோன் துளி மருந்து உடம்பில சேராது, அதால கெடுதி இல்லை, பெரிய பலனை எதிர்பாக்கவும் வேண்டாம். நோவுக்கு மெலொக்சிக்காம் தேவைப்படும், நோ குறைஞ்சால்தான் குடல் அசையும். ஆனால் வறண்ட முயலுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதால தண்ணி ஏத்திக்கொண்டு வைத்தியர் சொல்ற அளவில மட்டும். வீட்டில இருக்கிற பனடோல் வேண்டாம். அதைவிட மோசம் வீட்டில மிச்சமிருக்கிற அமொக்சிசிலின் மாதிரிக் கிருமிகொல்லி மருந்து. அமொக்சிசிலின், அம்பிசிலின், லிங்கோமைசின், கிளிண்டாமைசின் வாயால போனால், குருட்டுக்குடலின்ர நல்ல கிருமி செத்து, குளொஸ்ரிடியம் எண்ட கெட்ட கிருமி பெருகி, அதின்ர நஞ்சு முயலைக் கொல்லும். பாமசியில கேட்டு வாங்கிப் பருக்கி, ரெண்டு நாள் கழிச்சுக் கழிச்சலோட செத்த முயல்கள் இஞ்ச கனக்க.

நெடுங்கேணி

குட்டியளைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்ல. மாரி மழைக்குப் பிறகு, ஆறு கிழமைக் குட்டி ஏழெட்டு இருந்த ஒரு கூடு. வயிறு தொங்கி, முதுகெலும்பு தெரிஞ்சு, பின்னங்கால் இடுக்கெல்லாம் கழிச்சல் அப்பி, தண்ணிக் கோப்பையைச் சுத்தி நிண்டதுகள். தண்ணியை விட்டு அசையேல்ல.

அது கொக்சிடியா, குடலைப் பிடிக்கிற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. குட்டி நாலு கிழமையிலிருந்து நாலு மாதம் வரைக்கும்தான் கூடப் பிடிக்கும். புழுக்கையோட வெளியில வாற முட்டை அந்த நிமிசமே தொத்தாது. ஈரமும் சூடும் காத்தும் கிடைச்சால், ஒண்டு தொடக்கம் நாலு நாளில தொத்துற பருவத்துக்கு வரும். ஐப்பசி தொடக்கம் தை மட்டும் எங்கடை நிலம் அதுக்குத் தேவையானதெல்லாம் குடுக்குது. அதால ஒவ்வொரு நாளும் கூட்டுக் கம்பியைச் சுரண்டித் துடைக்கிறதுதான் மருந்தை விடப் பெரிசு. சாதாரணக் கிருமிநாசினிக்கு அந்த முட்டை சாகாது, கொதிதண்ணி ஊத்திக் காயவைக்கோணும். சல்பா வகை மருந்தும் அம்ப்ரோலியமும் தண்ணியில குடுக்கிறவை, ஆனால் புழுக்கையை நுணுக்குக்காட்டியில பாக்காமல் துவங்காதேங்கோ. கோழிக்கு வாங்கின மருந்து எண்டால் அளவு வேற. புரொயிலர் தீனை முயலுக்குப் போடவே வேண்டாம், அதுக்குள்ள கலக்கிற நராசின் மாதிரி மருந்துகள் முயலுக்கு நஞ்சு.

முறிகண்டி

நான் கண்டது சின்னக் கதை. கச்சான் காயவைக்கிற வளவில ஒரு பொட்டை முயல், கொடியைத் திண்டு வயிறு நிண்டுபோனது. கொடியைத் தூக்கி உதறினால் சாம்பல் நிறத் தூள் பறந்தது. பூஞ்சணம்.

கச்சான் கொடி நல்ல தீன், புரதமும் தும்பும் இருக்கு. பூஞ்சணம் பிடிச்சால் அஃப்லாரொக்சின் எண்ட நஞ்சு வரும், முயலின்ர ஈரல் அதைத் தாங்காது. அதால தீனைப் பற்றிக் கொஞ்சம் எழுதிறன், கேக்காட்டிலும்.

சாப்பாட்டில பத்தில எட்டுப் பங்கு புல்லும் காய்ஞ்ச புல்லும் இருக்கோணும். வெளிநாட்டு வைக்கோலைத் தேடித் திரிய வேண்டாம். கினியாப்புல்லைப் பூக்க முதல் வெட்டி, நிழலில பரப்பி, நாளுக்கு ரெண்டு தரம் புரட்டிக் காயவிடுங்கோ. பச்சை நிறமும் வாசமும் நிக்கோணும், கையில முறுக்கினால் ஒடியோணும். வெயிலில போட்டு வெளுக்க விடாதேங்கோ. மண்ணில அடுக்காமல், பலகை மேல அடுக்குங்கோ. அறுகும் நல்லது. ஆனால் வயல் வரம்பில களைகொல்லி அடிச்ச பக்கம் வெட்டினது வேண்டாம், எப்ப அடிச்சது எண்டு வயல்காரரைக் கேளுங்கோ. நெல்லு வைக்கோல் வெறும் தும்பு, அதை மட்டும் போட்டால் முயல் மெலியும். இப்பிலிப்பில் இலை இடைக்கிடை ஒரு பிடி பறவாயில்லை, தொடர்ந்து போட்டால் அதில இருக்கிற மிமோசின் எண்ட நஞ்சால மயிர் கொட்டும்.

பெலட் கிலோவுக்கு 25 கிராம் போதும், தும்பு 18 வீதத்துக்குக் குறையாததாப் பாருங்கோ. கரட் ஒரு சின்னத் துண்டு. பாண், பிஸ்கட், சோறு ஒண்டும் வேண்டாம், மாப்பொருள் குருட்டுக்குடலுக்குப் போனால் கிளிநொச்சிக்காரர் சொன்ன அதே குளொஸ்ரிடியம்தான். தீனை மாத்தினால் ஒரு கிழமை, பத்து நாள் எடுத்துக் கலந்து மாத்துங்கோ. முதல் மழைக்குத் தளிர்க்கிற புல்லைக் கண்டவுடன அள்ளிப் போடுறவை இதை மறந்துபோறினம்.

சோளகம் வீசேக்க தண்ணியைப் போத்தலில மட்டும் வைக்காதேங்கோ. போத்தல் குழாய் நுனியில இருக்கிற உருண்டைக்குள்ள தூசு இறுகித் தண்ணி வராது, வெளியில இருந்து பாக்க நிறைஞ்ச போத்தல்தான் தெரியும். பாரமான மண்சட்டி வையுங்கோ. சட்டியில முயல் கூடவும் குடிக்கும்.

புதுக்குடியிருப்பு

நெடுங்கேணி எழுதினது குட்டிக்கு. பெரிய முயலின்ர பின்பக்கத்தில ஒட்டினதெல்லாம் கழிச்சல் இல்லை. முயல் ரெண்டு வகை போடும். கடினப் புழுக்கை ஒண்டு. திராட்சைக்குலை மாதிரி, மினுங்கி, மணமா, மென்மையா வாறது மற்றது, அதை ஆசனவாயிலேயே வாய் வைச்சுத் திண்டிடும். அது நோய் இல்லை, பி விற்றமினும் புரதமும் அதில இருந்துதான். அதைத் திண்ணாமல் விட்டு அப்பிக்கொண்டு திரியிற முயலுக்கு ஒண்டில் பெலட் கூட, ஒண்டில் உடம்பு கொழுத்துக் குனியேலாது, அல்லது முதுகு நோ. பெலட்டைப் பாதியாக் குறைச்சுப் புல்லைக் கூட்டினால் கனக்கத் தரம் கிழமைக்குள்ள சரியாகும். கழிச்சல் மருந்து குடுக்கிறது பிழை.

ஆனால் ஈரத்தோட விடாதேங்கோ. மழைக்காலத்தில அந்த மயிரில ஈ முட்டை போட்டு, ஒரு நாளுக்குள்ள புழுவாகி, தோலுக்குள்ள போகும். காலமையும் பின்னேரமும் வாலைத் தூக்கிப் பாருங்கோ. மயிரைக் கத்தரிச்சு, இளஞ்சூட்டுத் தண்ணியில கழுவி, ஈரம் போகத் துடையுங்கோ. புழுவைக் கண்டால் அண்டைக்கே வைத்தியரிட்டைப் போகோணும்.

இன்னொண்டு. அடிக்கடி வயிறு நிக்கிற முயலின்ர நாடியை, வாய்க்குக் கீழ, பாருங்கோ. நனைஞ்சிருந்தால் பல்லிலதான் பிழை. முயலின்ர பல் சாகும் மட்டும் வளரும், கடைவாய்ப்பல் கூர்விட்டு நாக்கை வெட்டும். அது தெரியாமல் வயித்துக்கே மருந்து குடுத்துக்கொண்டிருந்தால் திரும்பத் திரும்ப வரும்.

வட்டக்கச்சியான்

நாடி விசயம் இஞ்ச எல்லாரும் பாக்கவேண்டியது. வைத்தியரிட்டைப் போறவைக்கு: அண்டைக்குப் போட்ட புழுக்கையை, ஈரமா இருந்தாலும், சின்னப் பொலித்தீன் பையில கட்டி, வெயில் படாமல் எடுத்துக்கொண்டு போங்கோ. முயலை மோட்டார்சைக்கிளில கையில பிடிச்சுக்கொண்டு போகாதேங்கோ, காத்தோட்டை விட்ட மட்டைப்பெட்டிக்குள்ள துவாய் விரிச்சு, ஒரு பிடி புல்லும் போட்டு வையுங்கோ. வழியில ஒரு வாய் கடிச்சால் வைத்தியரிட்டை அதையும் சொல்லலாம். கடைசியா எப்ப சாப்பிட்டது, கடைசிப் புழுக்கை எப்ப, சூடு எவ்வளவு, என்ன பருக்கினது, எத்தினை மில்லி எண்டதை ஒரு துண்டில எழுதிக்கொண்டு போங்கோ. கேக்கிற முதல் கேள்வியே அதுதான்.