‘ட்வீட்’: ஆளா, துணியா?

மொழிக்கிறுக்கன்:
பழைய நியூயார்க் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘ட்வீட்’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். ஒரு பத்தியில் ‘பாஸ் ட்வீட்’ சிறைக்குப் போகிறார். அடுத்ததில் யாரோ ‘ஹாரிஸ் ட்வீட்’ அணிந்து வருகிறார். அகராதியில் கம்பளித் துணி என்று மட்டும்தான் இருக்கிறது. வரைவைப் படித்த நண்பர், “1870களிலேயே ட்விட்டரில் கீச்சு போட்டார்களா?” என்று சிரிக்கிறார். இந்த ஹாரிஸ் யார், பாஸுக்குச் சொந்தமா?

நூல்கண்டு:
சிறைக்குப் போனது ஆள்தான். வில்லியம் ட்வீட். ‘பாஸ்’ என்பது பட்டப்பெயர். டாமனி ஹால் என்ற கட்சி அமைப்பைக் கையில் வைத்துக்கொண்டு நியூயார்க் நகரக் கஜானாவைச் சுரண்டியவர். 1875இல் காவலிலிருந்து தப்பி ஸ்பெயின் வரை போய்விட்டார். அங்கே அவரை அடையாளம் காட்டியது தாமஸ் நாஸ்ட் வரைந்த கேலிச்சித்திரம்! 1878இல் சிறையிலேயே இறந்தார்.

ஹாரிஸ் ஆளே இல்லை. ஸ்காட்லாந்துக்கு மேற்கே, லூயிஸ்-ஹாரிஸ் என்ற தீவின் தென்பகுதி அது. அங்கும் சுற்றியுள்ள வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளிலும் நெய்கிற துணிதான் ஹாரிஸ் ட்வீட். தீவுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே கைத்தறியில் நெய்ததற்கு மட்டும்தான் அந்தப் பெயர் என்று 1993இல் சட்டமே போட்டுவிட்டார்கள்.

மொழிக்கிறுக்கன்:
அப்படியானால் துணிக்குப் பெயர் வந்தது பாஸ் ட்வீட்டின் குடும்பத்திலிருந்தா?

ஊடும்பாவும்:
இல்லை. குடும்பப் பெயர் ஸ்காட்லாந்தின் ட்வீட் ஆற்றிலிருந்து வந்தது. துணியின் கதை வேறு. ஜீன்ஸில் சாய்வாக வரி ஓடுகிறதே, அந்த ட்வில் நெசவை ஸ்காட்லாந்துக்காரர்கள் ‘ட்வீல்’ என்பார்கள். 1830களில் லண்டன் வியாபாரி ஒருவர் அதை ‘ட்வீட்’ என்று தப்பாக வாசித்துவிட்டார், ஆற்றின் பெயரென்று நினைத்திருப்பார் என்று சொல்வதுண்டு. எழுத்துப்பிழை ஒன்று கோட்டாகிவிட்டது!

ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கினால் ஆள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வணிகப் பெயர் என்பதால் ஹாரிஸ் ட்வீட்டையும் அப்படித்தான் எழுதுவார்கள். கீச்சுக் குழப்பம் மூலத்தில் கிடையாது, அங்கே கடைசி எழுத்தே வேறு: ஆளுக்கும் துணிக்கும் d, கீச்சுக்கு t. தமிழில் இரண்டுக்கும் ‘ட்’ போடுவதால் வந்த வினை. ஆள் வரும் முதல் இடத்தில் முழுப்பெயரை எழுதுங்கள், மற்றதற்கு ‘ட்வீட் துணி’ என்று போடுங்கள்.

மொழிக்கிறுக்கன்:
சரி, மாற்றிவிட்டேன், இப்போது நண்பருக்கும் புரிகிறது. அப்புறம், மூன்றாம் பத்தியில் ‘திரு. ஹாரிஸ் அவர்கள்’ என்று மரியாதை வேறு கொடுத்து வைத்திருந்தேன். யாரும் பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன்.